ஒன்பதாம் பாடத்தின் அடைப்புக்குறி

…எங்கோ ஒன்று திறந்து கிடக்கிறது, மூடவில்லை, என்றுதான் இந்த மென்பொருள் சொல்கிறது, எங்கே என்று மட்டும் வாயைத் திறக்காது, சொன்னால் குறைந்தா போய்விடும், கோப்பு முடிந்துவிட்டது, திறந்தது மூடப்படவில்லை என்று சிவப்பில் ஒரு வரி, அவ்வளவுதான், மீதியை நீயே தேடிக்கொள். அவள் நாற்காலியை மேசைக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டாள். மற்ற பக்க வடிவமைப்பு மென்பொருள்களில் எழுத்தைப் பிடித்து இழுத்து வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும், கண்ணுக்குத் தெரிவதுதான் பக்கம், இதில் அந்தப் பேச்சே கிடையாது, தலைப்புக்கு ஒரு கட்டளை, அட்டவணைக்கு ஒரு கட்டளை, ஒவ்வொன்றையும் அடைப்புக்குறிக்குள் போட்டு மூட வேண்டும், பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும், ஓடினால் பக்கம், ஓடாவிட்டால் வசவு. இந்த மொழிப் பாடநூலை எழுதிய பேராசிரியர் இதில்தான் செய்தாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார், இரண்டு மொழியின் எழுத்தும் ஒரே வரியில் பிசகாமல் உட்கார வேறு வழி இல்லையாம், உட்கார வைப்பது அவரா என்ன… மதியத்துக்குள் புத்தகம் அச்சகத்துக்குப் போக வேண்டும். திறந்ததை மூடவில்லை. அடுப்பை அணைத்தேனா?

அணைத்தாள். அணைத்திருப்பாள். பால் பொங்கியது, இறக்கி வைத்தாள், குமிழைத் திருகினாள், திருகியது இன்றைக்கா நேற்றைக்கா… எல்லா நாளும் அதே அடுப்பு, அதே குமிழ், கை செய்கிற வேலையையெல்லாம் மனசு கூடவே நின்றா பார்த்துக்கொண்டிருக்கும், எல்லாருக்கும் வருவதுதான். அம்மாவும் இதையேதான் சொன்னாள், எல்லாருக்கும் வர்றதுதாண்டி, வயசாச்சில்ல. அப்போது அம்மாவுக்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை, இவளுடைய இப்போதைய வயதுதான்… அங்கே போகாதே, அந்தக் கணக்கைப் போடாதே. வீட்டிலிருந்த கணவருக்குப் போன் செய்தாள். "அணைச்சுதான் இருக்கு. நீ எப்பவுமே மறதிக்காரிதானே, போய் வேலையைப் பாரு" என்று சிரித்தார். எப்பவுமே. அந்த ஒரு சொல்லை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எப்பவுமே என்றால் புதிதாக எதுவும் வந்துவிடவில்லை என்றுதானே அர்த்தம்?

தேடுவதற்கு ஒரு வழி இருக்கிறது, புத்தகத்தைப் பாதி பாதியாக மறைத்துப் பார்ப்பது. வரியின் தலையில் ஒரு சதவீதக்குறி போட்டால் போதும், அந்த வரியை இயந்திரம் படிக்காது, பக்கத்திலும் வராது, திரையில் மட்டும் சாம்பல் நிறத்தில் கிடக்கும், தனக்குத்தானே ஏதாவது குறித்துவைக்கவும் அதுதான் தோது. பின்பாதியை மறைத்துவிட்டு ஓட்டினாள். முதல் பாடம் பக்கமாக வந்து விழுந்தது. இது என்ன? இது பேனா. இது என்ன? இது ஜன்னல். உங்கள் பெயர் என்ன? எத்தனை முறை பார்த்த பக்கம், இன்றைக்கென்று பார்த்து அம்மாவைப் பரிசோதித்த டாக்டரின் குரலில் கேட்கிறது. அவரும் பேனாவைத் தூக்கிக் காட்டித்தான் ஆரம்பித்தார், இது என்னம்மா, அம்மா சிரித்தாள், என்ன டாக்டர், என்னைத் திரும்பப் பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போறீங்களா, டாக்டரும் சிரித்தார், இவளும் அக்காவும்கூடச் சிரித்தார்கள். இன்னிக்கு என்ன கிழமை என்று கேட்டார். கிழமையெல்லாம் வேலைக்குப் போறவங்களுக்குத்தானே டாக்டர், எனக்கெதுக்கு, என்றாள் அம்மா, அதற்கும் சிரித்தார்கள், டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை, ஏதோ எழுதிக்கொண்டார். தெரியாததையெல்லாம் அம்மா சிரித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள் என்று வீட்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லையே. இப்போது அம்மா அக்கா வீட்டில் இருக்கிறாள், அக்காவை நர்ஸ் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகப் பேசுகிறாள்.

நான்காம் பாடம். இன்று என்ன கிழமை? இன்று திங்கட்கிழமை. இல்லை, இன்று புதன், சட்டென்று சொல்லிவிட்டாள், பார்த்தாயா, வந்துவிட்டது. திரையின் மூலையில் போட்டிருக்கும், நிமிர்ந்தால் தெரிந்துவிடும். நிமிரவில்லை. புதன்தான், பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, புதனென்றால் புதன்… அப்படியானால் ஏன் பார்க்கப் பயமாக இருக்கிறது? ஆறு வரை சரி. எட்டு வரை சரி. ஒன்பதைத் திறந்ததும் அதே சிவப்பு வரி. அந்தப் பாடத்தின் அடியிலிருந்து மேலே ஏறி வந்தாள், வீட்டுப் பொருள்களின் அட்டவணை, கதவு, சாவி, விளக்கு, அடுப்பு, அந்தப் பக்கம் அந்நிய மொழியில் அதே கதவு, அதே சாவி, கடைசி வரியில் ஓர் அடைப்புதான் மூடியிருந்தது, இரண்டு இருக்க வேண்டும், ஒன்று கட்டத்துக்கு, ஒன்று அட்டவணைக்கு. இரண்டு சேர்ந்து நிற்பதைப் பார்த்தால் ஒன்று உபரி போலத்தான் தோன்றும், யாரோ சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று எடுத்துவிட்டிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, இந்தக் கோப்பைத் தொடுவது இவள் ஒருத்திதான். போட்டாள். ஓட்டினாள். மடமடவென்று பக்கங்கள் வந்தன, கடைசிப் பாடம் வரைக்கும், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல். அப்பாடா. மறதிக்காரி செய்கிற வேலையா இது, மூளை கலங்கினவளால் இப்படித் தேடிப் பிடிக்க முடியுமா?

"ஓடிடுச்சாம்மா?" என்றார் எதிர்மேசையில் மெய்ப்புப் பார்ப்பவர். கண்ணாடியின் தடிமனுக்காக ஆபீஸ் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி.

"ஓடிடுச்சு சார்."

"ஒன்பதாம் பாடம்தானே?"

"ஆமா சார்" என்று சொன்ன பிறகுதான்… ஒன்பது என்று இவள் சொல்லவில்லையே. அங்கிருந்து திரையைப் பார்த்திருப்பாரோ, தாளையே மூக்கில் ஒட்டிவைத்துப் படிக்கிற மனிதர். சரி, ஏதோ குத்துமதிப்பாகக் கேட்டிருப்பார். இனிமேல் யாரும் இதைத் தொடாதபடி ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டால் நிம்மதி, பாடத்தைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், உச்சியில். வாசகம் மனசுக்குள்ளேயே தயாராகிவிட்டது, தன்னைத் திட்டிக்கொள்ளும்போது வருகிற 'அடியே' முதற்கொண்டு. அட்டவணையைத் தாண்டி, பயிற்சியைத் தாண்டி, மேலே, மேலே, பாடத்தின் தலைக்கு வந்தாள். அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு வரி ஏற்கெனவே இருந்தது. அடியே, கடைசியில் இரண்டு அடைப்பு சேர்ந்து நிற்கும், ஒன்று உபரி போலத் தோன்றும், எடுத்துத் தொலைக்காதே.

இவள் இன்னும் தட்டச்சே செய்யவில்லை. விரல்கள் விசைகளின் மேல் அப்படியே நின்றன. எப்போது எழுதினாள்? போன வாரமா? வேலை மும்முரத்தில் எழுதியிருப்பாள், யாருக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும், எப்பவுமே மறதிக்காரிதானே, எப்பவுமே… அந்தச் சொல் இப்போது கைக்கு அகப்படவில்லை. அந்த வரியை அழித்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. அழித்துவிட்டால் இவளுக்கும் தெரியாது. பயம், வேறொன்றும் இல்லை, சுத்தமான பயம். திரையின் மூலையைப் பார்க்கவில்லை. யாரையாவது கேட்கலாம், சிரித்துக்கொண்டே, சும்மா கேட்பது போல.

"சார், இன்னிக்கு என்ன கிழமை?" சிரிப்பைச் சேர்த்துக்கொண்டாள், சிரிப்பு சுலபமாக வந்தது, அம்மாவுக்கு வந்த மாதிரி.

"வியாழன்மா" என்றார் பூதக்கண்ணாடி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், அலுத்துக்கொள்ளாமல், மிகவும் மெதுவாக. என்னம்மா, கிழமைகூடத் தெரியாமலா உட்கார்ந்திருக்கிறாய் என்று கேலி செய்கிற மனிதர்தான் அவர், ஆபீஸில் ஒருத்தரையும் விடமாட்டார். இன்றைக்குக் கேலி செய்யவில்லை. அவர் ஆச்சரியப்படவே இல்லை.