நவமணியின் ஆறாவது சாவு

நவமணி இந்த ஆண்டில் மட்டும் ஐந்து முறை செத்துவிட்டாள். ஐந்தும் தொலைக்காட்சி நாடகங்களில். ஐந்திலும் அவள் கதாநாயகனின் அம்மா. கதை தொடங்குமுன்பே காலமாகி, மாலை போட்ட படமாகச் சுவரில் தொங்குவாள். படப்பிடிப்புக்கு அவள் போகவே வேண்டாம். படம் போனால் போதும்.

முப்பது ஆண்டுகளாக ஈப்போ மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் கங்காணி மனைவி, வம்புக்காரப் பக்கத்து வீட்டுக்காரி, மாமியார் என்று வாய் ஓயாமல் நடித்தவளுக்கு இது என்ன பிழைப்பு? அன்று காலையிலும் இயக்குநர் பவித்ரன் அழைத்தான்.

"அக்கா, புது நாடகம். போன தடவ மாதிரி படம் மட்டும் போதும்லா."

சாயங்காலம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். சொல்லப்போவது ஒன்றுதான்: இனிப் படமும் கிடையாது, நடிப்பும் கிடையாது. இத்தனை வருஷம் நடித்து யார் நம்மை நினைத்து வைத்திருக்கிறார்கள் என்ற எரிச்சலோடு, வீட்டைப் பூட்டிக்கொண்டு செமோர் சந்தைக்குப் போனாள்.

அந்த நேரம் பார்த்து நாடகக் கம்பெனி வேன் வந்தது. பழைய படத்தைத் திருப்பித் தர வந்தவர், ஆளில்லாததால் அதை வாசல் நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். மாலையைக் கழற்றவில்லை. பக்கத்து வீட்டு ராக்காயி எட்டிப் பார்த்தாள். தனியாக இருப்பவள், பூட்டிய வீடு, மாலை போட்ட படம். வேறென்ன நினைப்பாள், பாவம்?

நவமணி திரும்பியபோது அவள் வீட்டு வாசல் நிறையச் செருப்புகள். தாமான் குடியிருப்பில் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள். யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறி, அவளும் கூட்டத்தின் பின்னால் போய் நின்றாள். முன்னால் ராக்காயி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"தோட்டத்து நாடகத்துல மருத்துவச்சியா வந்தியே நவமணி. 'புள்ள அழலன்னா நான் அழுவேன்'னு சொன்னியே. ஒத்த வரிதான் சொன்ன, இன்னும் என் காதுலயே நிக்குதே."

நவமணி எட்டிப் பார்த்தாள்; நாற்காலியில் மாலையோடு அவள் படம். இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய வேஷம். அவளே மறந்துவிட்டிருந்தாள். சந்தோஷம் தாங்க முடியவில்லை. ராக்காயி அந்த வசனத்தைச் சொன்ன விதத்தையும் தாங்க முடியவில்லை.

"அழுதுகிட்டே சொல்லக்கூடாது ராக்காயி அக்கா. அது சிரிச்சிகிட்டே சொல்ற வசனம்."

திரும்பிப் பார்த்த ராக்காயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து வந்து, நவமணியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அதன்பின் இருவரும் சேர்ந்து அழுதார்கள்.

சாயங்காலம் நவமணியே பவித்ரனை அழைத்தாள்.

"படம் தர மாட்டேன் தம்பி. நானே வாரேன். ஒரு வரி இருந்தாலும் போதும், ஆனா வாயத் தொறந்து பேசணும்."

"ஆஸ்பத்திரி தாதி வேஷம் ஒண்ணு இருக்கு. ரெண்டே வரிதான் அக்கா."

"ரெண்டா?" நவமணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எத்தன மணிக்கு வரணும்?"