தண்ணீர் விட்ட எள்ளுக்கட்டி

மதாம் மொரிதாவின் ஜப்பான் சாப்பாட்டுக் கடைச் சமையலறையில் எனக்கு வேலை கிடைக்குமா இல்லையா என்பது ஒரு எள்ளுக்கட்டியில் நின்றது. கிடைத்தால் பகல் வேலை. கிடைக்காவிட்டால் மறுபடியும் விமான நிலையத்துக்கு இரவில் பொதி பிரிக்கப் போக வேண்டும். அந்த வேலையைச் சில வருடங்கள் செய்துவிட்டு, ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் நின்றுவிட்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பகலில் தூங்கித் தூங்கி எனக்கு மனிதர்களின் முகம் மறந்துகொண்டு வந்தது.

எள்ளுக்கட்டி ஜப்பான்காரரின் சாப்பாடு. அரைத்த எள்ளோடு ஒரு வேர் மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி ஆறவிட்டால் கட்டியாக நிற்கும். மலையில் படரும் ஒரு கொடியின் வேரிலிருந்து எடுக்கிற மா அது. அதன் பெயரை ஜப்பான்காரர் சொல்வதுபோலவே தமிழில் எழுதினால் நாற்றமடிக்கிற ஒரு சொல்லாகிவிடும். குட்சு என்று எழுதிவிடுகிறேன். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதும் சோக்கட்டிகளை உடைத்துப்போட்டது மாதிரி இருக்கும்.

மதாம் மொரிதா ஒரு தடவை செய்து காட்டினாள். குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, வடித்து, மெல்லிய நெருப்பில் வைத்தாள். பால்போல இருந்தது திடீரென்று கனத்து, பளபளவென்று சட்டியின் அடியை விட்டுக் கிளம்பியது.

"இதற்குப் பிறகுதான் வேலை. கை வலித்தாலும் கிண்டு," என்று பிரெஞ்சில் சொன்னாள். "வெள்ளிக்கிழமை வீட்டில் ஒன்று செய்து கொண்டு வா. வெட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."

ஒரு பை மாவும் தந்தாள்.

என் அறை பாரிஸில், தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலில், ஒரு சேலைக் கடைக்கு மேலே. ஓர் அடுப்பு, ஒரு சட்டி, இரண்டு தட்டு. ஒரு தட்டில் வெங்காயம் கிடக்கும். மற்றதை எடுப்பதில்லை. திங்கட்கிழமை பின்னேரம் முதல் கட்டியைச் செய்தேன். தட்டிப் பார்த்தால் ஆடியது. மூலையில் ஒரு கரண்டி எடுத்துத் தின்றேன். நன்றாக இருந்தது. இன்னொரு கரண்டி எடுத்தேன். பள்ளத்தைக் கரண்டியின் முதுகால் தடவி மூடிவிட்டு, பிரிட்ஜில் வைத்தேன்.

காலையில் பார்த்தால் அந்த மூலை கரைந்து, கட்டி சரிந்து, தண்ணீரில் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை மாவைக் கூட்டினேன். கூடுதல் நேரம் கிண்டினேன். நன்றாகத்தான் நின்றது. தின்று பார்த்தேன், வைத்தேன். காலையில் மறுபடியும் தண்ணீர். மாவைச் சந்தேகப்பட்டேன், பாரிஸ் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன், பிரிட்ஜை உதைத்தேன்.

புதன்கிழமை மத்தியானம் தேநீர்க் கடையில் பிருந்தாபனைக் கண்டேன். என்னோடு பொதி பிரித்தவன். இப்போதும் பிரிக்கிறான்.

"நீ செத்துப்போனாய் எண்டெல்லோ நினைச்சன். அடிச்சால் போன் எடுக்கிறேல்லை," என்றான்.

"நித்திரை."

"ஆறு மாசமாவோ?"

கட்டியின் கதையைச் சொன்னேன். மாவின் பெயரைச் சொன்னதும் தேத்தண்ணி அவனுக்கு மூக்கில் ஏறியது.

"உந்த மாவையோ ஜப்பான்காரன் காய்ச்சிக் குடிக்கிறான்? பொறு, தர்மிளாட்டைச் சொல்லவேணும்."

தர்மிளா அவன் மனைவி. அவர்களுக்கு ஒரு கைக்குழந்தை இருக்கிறது.

"சிரிக்காதை. என்ரை வேலை போகப் போகுது."

"சரி. தண்ணியாப் போகுதெண்டால், ஆர் அதிலை வாய் வைச்சது?"

"ஒருத்தரும் இல்லை. நான் மட்டும் ருசி பாத்தனான்."

"கரண்டியாலையோ?"

"ஓம்."

"திண்ட கரண்டியைத் திருப்பி விட்டனியோ?"

மேலே பாலத்தில் மெட்ரோ போனது. அது போய் முடியும்வரை அவன் காத்திருந்தான்.

"எச்சில், மச்சான். பிள்ளைக்கு அவ அரிசிமாக் கூழ் காய்ச்சுவா. திண்ட கிண்ணத்திலை மிச்சம் வைச்சால் கொஞ்சத்தாலை தண்ணி. எச்சில் மாவைக் கரைச்சுப்போடும். முதல் நாள் நான் தெரியாமல் பிள்ளையின்ரை கரண்டியை ஆறின சட்டிக்குள்ளை விட்டிட்டன். வாங்கிக் கட்டினன், அண்டைக்கு." சிரித்தான். "உள்ளங்கையிலை விட்டுத்தானே ருசி பாக்கிறது. உன்னை வீட்டிலை ஒருத்தரும் ஏசேல்லையோ?"

"வீட்டிலை ஆர் இருக்கினம்?"

"அதுவும் சரி," என்றான். பிறகு நேரத்தைப் பார்த்தான். குழந்தையைக் கூட்டி வரக் கிறெஷ் என்கிற பிள்ளைக் காப்பகத்துக்குப் போக வேண்டுமாம்.

அவன் சொன்னது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. கரண்டியில் வாய் வைத்தால் சட்டியில் விடக்கூடாது என்பது தமிழ் வீட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் எச்சில் என்பதற்கு இரண்டாவது ஆள் ஒருவர் வேண்டும். நான் வருடக்கணக்காக அடுப்படியில் நின்றபடி சட்டியிலிருந்தே தின்கிறேன். மிச்சத்தைச் சட்டியோடு வைத்து, மறுநாள் அதே கரண்டியால் தின்கிறேன். யாருக்காகக் கரண்டியை மாற்றுவது?

வியாழக்கிழமை கிண்டும்போது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினேன். சுட்டது. கையைக் கழுவினேன். ஆறிய பிறகு தொடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கட்டி நின்றது. பாதியை வெட்டிப் பெட்டியில் எடுத்துக்கொண்டேன். வெங்காயத்தைக் கொட்டிவிட்டு அந்தத் தட்டைக் கழுவி, மற்றப் பாதியை அதில் வைத்து மூடினேன். அது பிருந்தாபனுக்கு.

மதாம் மொரிதா கத்தியை நனைத்து வெட்டினாள். விரலால் அமத்தினாள். ஒரு துண்டு தின்றாள்.

"செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வா," என்றாள். "மற்றப் பாதி எங்கே?"

"வீட்டில்."

"வீட்டிலுள்ளவர்களுக்குப் பிடித்ததா?"

"பிடித்தது," என்றேன்.

வெளியே வந்து பிருந்தாபனுக்குப் போன் எடுத்தேன்.

"வேலை கிடைச்சிட்டுது. உனக்குக் கொஞ்சம் எடுத்து வைச்சிருக்கிறன். வா."

"ஆ, நல்லது மச்சான். இண்டைக்கு ஏலாது. ஞாயிற்றுக்கிழமை வாறன், பிள்ளையையும் கொண்டு."

ஞாயிற்றுக்கிழமை அறையைக் கூட்டினேன். இன்னும் இரண்டு கரண்டி வாங்கி வைத்தேன். ஒரு சின்னக் கரண்டியும். பின்னேரம் அவன் போன் எடுத்து, குழந்தைக்குக் காய்ச்சல், பிறகு பார்ப்போம் என்றான். பின்னால் குழந்தை அழுவது கேட்டது. பொய் இல்லை.

செவ்வாய்க்கிழமை வேலைக்கு வெளிக்கிடுமுன் பிரிட்ஜைத் திறந்து தட்டைப் பார்த்தேன். யாரும் வாய் வைக்காத கட்டி வெளிறி இறுகிப்போயிருந்தது. வெட்டிய விளிம்பு கூராக அப்படியே இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை.