கேட்காமல் வைத்த குறி

ஓக் ட்ரீ ரோட்டு மளிகைக் கடை வாசலில் முருங்கைக்காய்ப் பையோடு நின்ற ஜெபராணி ஆன்ட்டியைப் பார்த்ததும் பிரீத்தாவுக்குக் கால் பின்வாங்கியது. அதற்குள் ஆன்ட்டி பார்த்துவிட்டாரே!

“நல்லவேளை, நீயே வந்துட்ட. திங்கட்கிழமை காது டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட். டிராப் பண்றியா? எம்பையன் பெனிஷுக்கு ஆபீஸ்.”

“காதுக்கு என்ன ஆன்ட்டி?”

“என்னைய வேலையை விட்டு எடுத்துட்டாங்கல்ல? நீயும் ஸ்ம்ருதியும் ஒரே மாதிரி மார்க் பண்ணியிருக்கீங்க, நான் மட்டும் வேறயாம். ‘நீ டிவியையே ஊருக்குக் கேக்கற மாதிரிதானம்மா வைக்கிற’ன்னு அவன் சிரிக்கிறான்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மூவரும் நெதர்லாந்தில் இருந்துவிட்டு அமெரிக்காவில் இந்த எடிசனுக்கு வந்தவர்கள். கணினிக்கு டச்சு பேசக் கற்றுத்தரும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. இரண்டு சொல் ஒட்டிய நீளச் சொற்கள் வரும். குரல் பதிவைக் கேட்டு, சொல்லை அசை அசையாக வெட்டி, குரல் அழுந்தும் அசையில் குறி வைக்க வேண்டும். பெரும்பாலும் முன்சொல்லில்தான் அழுந்தும். அந்தத் தைரியத்தில், மகளுக்குக் காய்ச்சலாயிருந்த வாரம், பிரீத்தா ஒரு பதிவையும் கேட்காமல் நானூறு சொல்லுக்கும் முன்சொல்லிலேயே குறி வைத்துவிட்டாள். ‘நீயும் இதையே போட்டுக்கோ’ என்று ஸ்ம்ருதிக்கும் அனுப்பிவிட்டாள். ஒரே பட்டியல்தான் மூவருக்கும் வரும்; இரண்டு பேர் ஒன்றுபோலச் சொன்னால் மூன்றாமவர் சொன்னது தப்பு. கம்பெனிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“ஸ்டட்ஹௌஸ் இருக்குல்ல, நகராட்சி ஆபீஸ்? அங்க கேன்டீன்ல பதினெட்டு வருஷம் இருந்தேன். தினம் டிராம் ஸ்பீக்கர்ல அந்தப் பேரைச் சொன்னாத்தான் எறங்குவேன். ஹௌஸ்லதான் அழுத்துறாங்கன்னு இத்தனை நாளா நெனச்சிருக்கேன் பாரு.”

“ஹௌஸ்லதான் ஆன்ட்டி.” என்றாள் பிரீத்தா. “உங்க காதுக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் ஒண்ணைக்கூட ப்ளே பண்ணல. ஸ்ம்ருதி போட்டதும் என்னோடதைப் பாத்துதான்.”

ஆன்ட்டி பையைக் கீழே வைத்தார்.

“நானூறுமா?”

“நானூறும்.”

“எங்கிட்ட சொல்லிட்ட. அவங்ககிட்ட?”

சொன்னால் இவள் வேலையும் போகும், ஸ்ம்ருதியுடையதும் போகும். பிரீத்தா போனை எடுத்தாள். நின்ற இடத்திலேயே கம்பெனிக்கு நாலு வரி எழுதி அனுப்பினாள்.

“அனுப்பிட்டேன். வாங்க ஆன்ட்டி, வீட்ல விட்டுடறேன்.”

“வேண்டாம்மா. பெனிஷ் வருவான்.”

காரைப் பின்னால் எடுத்தபோது கண்ணாடியில் ஆன்ட்டி தெரிந்தார். பை இன்னும் தரையில்தான் இருந்தது. உதடு மட்டும் மெல்ல அசைந்தது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பதுபோல.