திராட்சைச் சாற்றில் எவ்வளவு தண்ணீர்

மலாக்காவின் காஜா பெராங்கில் சாரதாம்பாள் வீட்டு முன்னறையில் குடியிருந்த மெனாஷே, கொச்சியிலிருந்து வந்த யூதர், கடிகாரம் பழுதுபார்ப்பவர். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் ஒரு கிண்ணம் திராட்சைச் சாற்றுக்கு ஆசி சொல்லிக் குடித்தால்தான் அவருக்கு ஓய்வுநாள் பிறக்கும். மலாக்காவில் அவர்கள் சட்டத்துக்கு ஒத்த ஒயினுக்கு எங்கே போவது? உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் கொதிக்கவைத்துக் கொடுப்பவள் சாரதாம்பாள்தான். கொதித்துவிட்டால் பிறர் கை பட்டாலும் குற்றமில்லையாம்.

இடையில் அவருக்கு இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி வந்தது. டாக்டர் ஒரு கால்விரலை எடுத்துவிட்டு, இனிப்பை விடாவிட்டால் அடுத்தது கால் என்றார். மனிதர் சீனியை விட்டார். கிண்ணத்தை மட்டும் விடமாட்டேன் என்றார். சாரதாம்பாளின் புருஷன் இதே நோயில் போனவன். அவள் பார்த்துக்கொண்டிருப்பாளா? சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீரைக் கூட்டினாள். நிறம் குறையாதிருக்கக் கொஞ்சம் தேத்தண்ணீரும் ஊற்றினாள்.

அடுத்த சோதனையில் டாக்டர் மெச்சினார்.

"பாத்தீங்களாம்மா, ஆசி சொல்லிக் குடிச்சா சாறு ஒண்ணும் செய்யாது" என்று மெனாஷே பெருமையடித்தார்.

மெர்டேக்கா சுதந்திர தினத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பொழுது சாயும் நேரம். அன்றிரவு பிள்ளையார் கோயிலில் சிறப்பு அபிஷேகம். பால்காரன் தியாகு கொண்டுவந்த பாலில் விரலை விட்டுப் பார்த்த சாரதாம்பாள் சாமியாடினாள்.

"சாமிக்கு ஊத்துற பால்லயே பைப்புத் தண்ணியாடா?"

"கொஞ்சந்தான்கா. சாமி என்னா குடிச்சுப் பாத்தா சொல்லப்போறாரு?"

மெனாஷே அவளுக்குப் பரிந்து வந்தார். "அம்மா சொல்றது நியாயம். எங்க சட்டமும் அப்படித்தான். தண்ணி மிஞ்சிட்டா அது திராட்சைச் சாறே இல்ல. 'கொடியின் கனியைப் படைத்தவனே'ன்னு ஆசி சொன்னா ஆண்டவன் பேரை வீணாக்கின பாவம். பச்சைத் தண்ணிக்குச் சொல்ற ஆசியத்தான் சொல்லணும்."

சாரதாம்பாள் தியாகுவை விட்டுத் திரும்பினாள். உள்ளே போய் அன்றைய கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் முன் வைத்து அழுதுவிட்டாள்.

"இதுல பாதிக்கு மேல தண்ணியும் தேத்தண்ணியுந்தாங்க ஐயா. பல மாசமா இப்படித்தான். உங்க காலு போயிடக்கூடாதுன்னுதான் செஞ்சேன்."

மெனாஷே துள்ளி எழுந்தார். இத்தனை வெள்ளிக்கிழமையும் வீண்! தமிழில் கத்தினார், போதாமல் மலையாளத்திலும் கத்தினார். கத்தி ஓய்ந்தபோதுதான், தாம் இரண்டு காலிலும் நின்றுகொண்டிருப்பது அவருக்கு உறைத்தது.

உட்கார்ந்தார். ஓய்வுநாள் ஆசியை ரொட்டியின் மேல் சொன்னார். சட்டம் அதற்கும் இடம் தருகிறதாம். இத்தனை நாள் அது ஏன் நினைவுக்கு வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. பிறகு கிண்ணத்தை எடுத்துத் தண்ணீருக்கான ஆசியைச் சொன்னார்: "எல்லாம் உன் சொல்லால் உண்டானது."

"எல்லாம்னா, நான் ஊத்துன தண்ணியுமாங்க?"

"அதுவுந்தான்" என்று முறைத்தபடியே குடித்தார்.

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்ட தியாகு செம்பை நீட்டினான். "அப்ப இந்தப் பாலும் ஆகும்லக்கா?"

சாரதாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பிள்ளையாருக்கு இனிப்புநீர் இல்லடா. போயி நல்ல பாலா கொண்டா."