தானாக உண்டதா?

ஞாயிறு மேற்கே சாயத் தொடங்கி, மாடிகளின் நிழல்கள் ஒன்றையொன்று தொட்டு நீண்டு, கடைத்தெருவின் இரைச்சல் சற்றே தணிந்து, உண்டு களைத்தோர் கொட்டாவியோடு தத்தம் தொழிலுக்குத் திரும்பும் பிற்பகல் வேளை அது. அத்தெருவின் வளைவில், கீழே செருப்புக்கடையும் மேலே தையலகமுமாய் ஒடுங்கி நின்ற கட்டடத்தில், வெட்டிய துணியும் வெட்டாத துணியும் குன்றெனக் குவிந்து கிடக்க, தையற்பொறியை நிறுத்திவிட்டுத் தன் பூனையைத் தேடிக்கொண்டிருந்தாள் ஒரு தையற்காரி. அவள் வலக்கையில் ஊசி நீக்கிய மருந்துக்குழல் ஒன்று இருந்தது.

அன்பின் இயல்பறிந்த பெருந்தகையீர், இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு அவளைக் கல்நெஞ்சக்காரி என்று எண்ணிவிட வேண்டா. மிளகு எனப் பெயரிட்டு அக்கரும்பூனையைப் பதினாறு ஆண்டுகள் மடியிலிருத்தி வளர்த்தவள். அது படுத்துறங்கிய துணியை உருவ மனம் வராமல், மணமகள் ஒருத்தியின் உடையையே ஒரு நாள் பிந்திக் கொடுத்து, வாங்கிக் கட்டிக்கொண்டவள். சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துபோன அப்பூனைக்கு இனி மருத்துவம் இல்லை என்றுரைத்த விலங்கு மருத்துவர், ஒன்று மட்டும் சொல்லியனுப்பியிருந்தார்.

"தானா சாப்பிடுற வரைக்கும் வச்சிருங்க. ரெண்டு நாள் சேர்ந்தாப்போல வாய் வைக்கலன்னா கூட்டிட்டு வந்துருங்க. நோகாம அனுப்பி வச்சிரலாம். அதுக்கு மேல இழுத்தா அதுக்கு வலிதான்."

மிளகு வாய் வைக்காத இரண்டாம் நாளும் வந்தது. மூன்றாம் நாளும் வந்தது. மாலைதோறும் தொலைபேசியில் மருத்துவர், "தானா சாப்பிட்டுச்சா?" என்று கேட்க, "சாப்பிட்டாம்மா" என்று இவள் கூசாமல் சொன்னாள். உண்மையோ வேறு. மீனை வேகவைத்து, முள் நீக்கி, கூழாய் அரைத்து, அக்குழலில் அடைத்து, துண்டில் சுற்றிய பூனையின் கடைவாயில் செலுத்தி, அது விழுங்கும்வரை தாடையை இறுகப் பிடித்திருந்தாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பார்கள். இவ்வீட்டில் கண்ணை மூடிக்கொண்டது பூனையன்று, அதை வளர்த்தவள். இவ்வாறே பதினொரு நாட்கள் போயின.

"எங்க போனா இவ?" என்றாள் தையற்காரி.

பொத்தான் தைத்துக்கொண்டிருந்த தங்கை தலை நிமிரவில்லை. "துணிமூட்டைக்குப் பின்னால இருக்குக்கா. நீ எழுந்தாலே அங்க போய் ஒளிஞ்சுக்குது. என்கிட்ட வருது. உன்கிட்டதான் வரமாட்டேங்குது."

குனிந்து பார்த்தாள். எலும்பும் தோலுமாய், சுவரோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, நடுங்கியபடி கிடந்தது மிளகு. அவள் காலடி ஓசைக்குப் பதினாறு ஆண்டுகள் ஓடி வந்த உயிர், இன்று அவ்வோசைக்கே அஞ்சி, இருந்த கொஞ்ச வலுவையும் ஒளிவதற்குச் செலவிட்டிருந்தது. அவளுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. அழுகை பிறகுதான் வந்தது. மருந்துக்குழலைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, பூனையைத் தூக்கச் சொல்லி, மருத்துவரிடம் புறப்பட்டாள்.

"இன்னைக்குத் தானா சாப்பிட்டுச்சா?" என்றார் மருத்துவர், வழக்கம்போல்.

"இல்லம்மா. பதினொரு நாளாவே இல்ல. நான்தான் பிடிச்சு ஊட்டினேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்."

மருத்துவர் மெல்லப் பூனையின் உதட்டை விலக்கினார். கடைவாயில் புண் பழுத்திருந்தது.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா கூட்டிட்டு வரச் சொல்லிருவீங்கன்னுதான்."

மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை; கடிந்திருந்தால் அவளுக்குச் சற்று ஆறுதலாகவே இருந்திருக்கும். "சரி, முகத்துக்கிட்ட நில்லுங்க. கையைக் கொடுங்க. பிடிக்க வேண்டாம்," என்று மட்டும் சொல்லி, ஊசியை எடுத்தார்.

அவள் கையை நீட்டினாள். கண்டதும், மிளகு வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பியது.

"ஒண்ணும் இல்லடி. இனிமே ஊட்டமாட்டேன்," என்றாள். "ஊட்டமாட்டேன்டி."

சற்று நேரத்தில் அவ்வாய் தளர்ந்து, அச்சிறு தலை அவள் உள்ளங்கையில் சாய்ந்தது. அவள் சொல்லை நம்பித் தளர்ந்ததா, மருந்து ஏறியதால் தளர்ந்ததா என்பதை அவள் அறிந்திலள். அறியும் வழியும் இனி இல்லை. தன் பிரிவாற்றாமையைப் பிறிதோர் உயிரின்மேல் சுமத்தியவர்க்கு, அவ்வுயிரிடம் பொறுத்தருளக் கேட்கும் பொழுது மிகச் சிறியதாகவே வாய்க்கிறது.