எம் பொத்தானும் என் தங்கையும்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கலைத் தாகத்தில் பிறந்ததல்ல. என் தங்கை தன் கணவரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து, நான் எழுதும் அறையைப் பிடித்துக்கொண்டாள். நான் சமையல் மேடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதையைச் சுபமாக முடித்தால் கிளம்புவாள் என்று ஒரு நப்பாசை.

முதல் தொடக்கம்: இசை என்பது ஆன்மாவின்—

(வேண்டாம். மாப்பிள்ளை போடுவது மெத்தைக் கடை விளம்பர இசை.)

2

மாப்பிள்ளை பல வருடமாக ஒரே சாஃப்ட்வேரில் இசை அமைத்தவர். புதுக் கம்ப்யூட்டரில் அது ஓடாது என்றானதும் வேறொன்றுக்கு மாறினார். பாட வீடியோக்களைப் பார்த்துத் தலையாட்டினார். தலை கற்றது, கை கற்கவில்லை. பழையதில் 'எம்' பொத்தானைத் தட்டினால் சத்தம் அடங்கும். தங்கை பேச ஆரம்பித்தால் அவர் விரல் தானாக அங்கே போகும்.* புதியதில் அதே பொத்தான் பதிவைத் தொடங்கிவிடும்.

அவள் திட்டியதெல்லாம் வாரக்கணக்கில் பதிவானது. சாஃப்ட்வேர் அதிகப்பிரசங்கித்தனமாக ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, நசுக்கி, தாளத்தில் உட்கார வைத்தது. அதை எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியாது. அவசரத்தில் விளம்பர இசையைக் கேட்டுப் பார்க்காமலே மெத்தைக் கடைக்காரருக்கு அனுப்பிவிட்டார்.

* "பாட்டை நிறுத்திட்டு உன்னைக் கேக்கத்தான்" என்பது அவர் கட்சி. "என் வாயை அடைக்கத்தான்" என்பது இவள் கட்சி. ஆசிரியர் நடுநிலை, ஆனால் சாப்பாடு இவள் கையில்.

3

மெத்தைக் கடைக்காரர் நெட்டையாக, இல்லை, குட்டையாக—

(இந்தப் பாத்திரத்தை நானே நம்பவில்லை. ஆனால் மாப்பிள்ளையிடம் அவர் பேசியதை ஃபோனில் என் காதால் கேட்டேன்.)

"அந்தம்மா கத்துறாங்க பாருங்க, 'இந்த வீட்ல மனுஷி நிம்மதியா தூங்க முடியுதா'ன்னு! அதுதான் சார் எங்க மெத்தை! அடுத்தது தலையணைக்கு. இன்னும் கொஞ்சம் கோவமா வேணும்."

விளம்பரம் கடை வாசலில் நாள் முழுக்க ஓடியது. தங்கை காய்கறி வாங்கப் போவதும் அந்த வழிதான்.

4

"மச்சான், அவளைக் கொஞ்சம் அனுப்பி வைங்க" என்றார் மாப்பிள்ளை ஃபோனில்.

இதை எழுதும்போது தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த தங்கை கேட்டாள்: "அண்ணே, அவர் கூப்பிடுறது எனக்காகவா, தலையணைக்காகவா?"

பதிலுக்கு இரண்டு முடிவுகள் எழுதிக் காட்டினேன். ஒன்றில் அவர் மன்னிப்புக் கேட்கிறார். ("அவரா? கதைன்னாலும் ஒரு நியாயம் வேணாமா?" கோடு போட்டு அடித்துவிட்டாள்.) மற்றதில் இவள் தலையணைக்காகக் கத்திவிட்டுச் சம்பளம் வாங்குகிறாள். (இதை அடிக்குமுன் கொஞ்சம் யோசித்தாள்.)

5

ஃபோன் மறுபடி அடித்தது, மாப்பிள்ளைதான். தங்கை பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"இத்தனை நாளா நான் என்ன சொன்னேன்? சொல்லுங்க பாப்போம்."

பதிவுகளை அழிப்பதற்காகவே மனிதர் அத்தனையையும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். முதலிலிருந்து ஒப்பிக்கத் தொடங்கினார்: "குக்கர் வாஷர் போயிடுச்சு. கொடிக்கயிறு அறுந்து தொங்குது. எனக்கு முட்டி வலிக்குது, கேட்டீங்களா, கேட்டீங்களா, கேட்டீங்களா..." தாளம் பிசகவே இல்லை.

தங்கை ஃபோனோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே தரையில் காலால் தட்டும் சத்தம் கேட்கிறது. கோபத்தில் உதைக்கிறாளா, அவரோடு சேர்ந்து தாளம் போடுகிறாளா என்று இங்கிருந்து தெரியவில்லை. கதவைத் திறந்தால் முடிவு தெரிந்துவிடும்.

நீங்களே திறந்து பாருங்கள். நான் இன்னும் சாப்பிடவில்லை.