தூங்க வேண்டிய குச்சிகள்

மார்ச் 3, 2006, வெள்ளி. இன்று ஒரு சின்னத் தவறு தெரிய வந்தது. கன்டெய்னரின் வெப்பம் என்று நான் தினமும் குறித்து வந்த எண், உள்ளே இருக்கும் வெப்பம் அல்ல. இருக்க வேண்டும் என்று நாம் கேட்ட வெப்பம். செயலாளரிடம் இன்னும் சொல்லவில்லை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்பது காரணம் இல்லை.

கடைசி வரியை அடித்துவிடலாமா என்று மாயா யோசித்தாள். அடிக்காமலே நாட்குறிப்பை மூடினாள். ஏற்றுமதி இறக்குமதி டிப்ளமோ வகுப்பில் அன்று நடந்த பாடம் அவள் காதில் ஏறவே இல்லை.

பகலில் அவளுக்கு ராயபுரத்தில் வேலை. மீன்வலைக் கடை ஒன்றின் மாடியில், கம்பம் பக்கத்து ஒயின் திராட்சை விவசாயிகள் ஒன்றுகூடி வைத்திருக்கும் சங்கத்தின் துறைமுக அலுவலகம். ஒரு மேசை, ஒரு போன், செயலாளர் சங்கரநாராயணன், அவள். ஒயினுக்கான ரகம் வேண்டுமென்றால் பிரான்சிலிருந்து ஒட்டுக்குச்சி வர வேண்டும். தனி ஆளாக ஒரு விவசாயி அதைத் தருவிப்பது நடக்கிற காரியமா? அதனால் சங்கம் எல்லோருக்குமாக ஒரே கன்டெய்னர் எடுத்தது. அனுமதி வாங்கியது, ஒயின் ஆலையோடு ஒப்பந்தம் பேசியது. ஊரில் அவரவர் தோட்டத்தில் வேர்ச்செடியை நட்டு, தலையை அறுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். குச்சி வந்ததும் ஒட்டுக் கட்ட வேண்டியதுதான். ஆனால் ஒட்டும் நாள்வரை குச்சி துளிர்க்காமல் தூங்க வேண்டும். சூடு பட்டு விழித்துவிட்டால் ஒட்டாது. அரசாங்க அனுமதியும் தூங்கும் குச்சிக்கு மட்டும்தான். ஒட்டும் பருவம் தவறினால் ஆலை அடுத்த வருஷம்வரை காத்திருக்காது.

திருவொற்றியூர் யார்டில் அந்தக் குளிர் கன்டெய்னர் சீல் உடைக்காமல் நின்றது. மாயா தினமும் அங்கே போய், வெளிப்பக்கத் திரையில் தெரியும் எண்ணைக் குறித்து வருவாள். பயிர்ப் பரிசோதனை அதிகாரி திங்கட்கிழமை வருவதாக இருந்தார்.

சொக்கம்மாள் என்ற உறுப்பினர் தினமும் முற்பகலில் கம்பத்திலிருந்து போன் செய்வார். வணக்கம், சௌக்கியம் எதுவும் கிடையாது. "தூங்குதா தாயி?" என்று கேட்பார். மாயா, தூங்குது என்பாள். அவ்வளவுதான், வைத்துவிடுவார். பிள்ளையைப் பற்றிக் கேட்பது போல இருக்கிறதே என்று ஆரம்பத்தில் மாயாவுக்குச் சிரிப்பு வந்தது. போகப் போக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அவளுக்குப் பெருமையாகவே ஆகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை பகலில் யார்டு எலக்ட்ரீஷியன் ஹுமாயூன் அவள் குறிப்பதை எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, இந்த நம்பரயா இத்தினி நாளா எழுதிகினு கீற? இது நாம கேட்டது. உள்ள இன்னா கீதுன்னு இத்த அமுக்குனாத்தான் சொல்லும்."

பொத்தானை அழுத்தினார். திரையில் இரண்டு டிகிரி மறைந்து பத்தொன்பது வந்தது. விசிறி ஓடிக்கொண்டிருந்தது, குளிரூட்டும் மோட்டார் எப்போதோ நின்றுபோயிருந்தது. அவர் அதைச் சரிசெய்துவிட்டு, உங்க ஆபீசுல சொல்லிடு என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை போன் அடித்தபோது மாயா எடுக்கத் தயங்கினாள். சொக்கம்மாள் அன்று கேள்வி கேட்கவில்லை.

"ராத்திரியிலருந்து எங்க வேர்ச்செடியெல்லாம் கண்ணீர் விடுது தாயி. இத்தன நாளு அறுத்த வாயி காஞ்சுதான் கெடந்துச்சு. அங்கிட்டு என்னமோ முழிச்சிருச்சு."

மாயா, தூங்குதும்மா என்றாள். சொல்லி முடித்ததும் அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. கண்ணால் பார்க்காமல் இனி ஒன்றும் சொல்லக்கூடாது என்று பஸ் பிடித்துத் திருவொற்றியூர் போனாள்.

பார்க்க வழியில்லை, சீல் இருந்தது. கதவு இரும்பில் காதை வைத்தாள். மோட்டார் இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. அட்டையை நகத்தால் மெல்லப் பிராண்டுவது போல. நிற்கும்; மறுபடி தொடங்கும். அவள் பக்கவாட்டில் நகர்ந்து காதை வைத்தால், கொஞ்ச நேரத்தில் அங்கேயும் கேட்டது.

எலிகூட பிரான்சிலிருந்து வந்துகீது போல என்று ஹுமாயூன் கேலி செய்தார். பிறகு அவரும் காதை வைத்தார். எடுத்ததும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தள்ளிப்போய் நின்றார்.

யார்டு போனிலிருந்து மாயா சங்கரநாராயணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எண்ணைச் சொன்னாள், நேற்றே தெரியும் என்பதைச் சொன்னாள், காலையில் பொய் சொன்னதையும் சொன்னாள். அங்கேயே இரு என்று மட்டும் பதில் வந்தது. தனி விவசாயி கேட்டிருந்தால் திங்கட்கிழமைதான். சங்கம் கேட்டதால் அதிகாரி அன்று மாலையே வந்தார், கூடவே சங்கரநாராயணனும்.

கதவு திறந்ததும் ஈரமண் வாசனை அடித்தது. உள்ளே மண்ணே கிடையாது.

முன்வரிசைப் பெட்டிகளின் கைப்பிடித் துளைகள் எல்லாவற்றிலிருந்தும் வெள்ளைத் தளிர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. இலை இல்லை, பச்சை இல்லை. விரல் விரலாக, ரத்தம் போன விரல்கள். அத்தனையும் கதவை நோக்கி வளைந்திருந்தன. சில தளிர்கள் கதவின் ரப்பரில் ஒட்டிப் பிய்ந்து, அங்கேயே தொங்கின. மாயா காதை வைத்திருந்த உயரத்தில் அவை அடர்த்தியாக இருந்தன.

வெளிச்சம் கசிகிற பக்கம் வளரும், அவ்வளவுதான் என்றார் அதிகாரி. ஆனால் கையுறை போடும்வரை அவர் எதையும் தொடவில்லை.

பின்வரிசைப் பெட்டிகள் தப்பியிருந்தன. அதிகாரி இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திறந்து பார்த்தார்; குச்சிகள் தூங்கின. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் அவையும் போயிருக்கும் என்றார். விழித்த பெட்டிகளை யார்டின் பின்புறப் பள்ளத்தில் போட்டு எரிக்கச் சொன்னார். ஒவ்வொரு பெட்டியிலும் உரியவர் பெயர் இருந்தது. சொக்கம்மாள் பெயர் எழுதியவை அத்தனையும் முன்வரிசை. மாயா செயலாளரைப் பார்த்தாள்.

"வழியில போனது சங்கத்துக்குப் போனது" என்றார் சங்கரநாராயணன். "மிஞ்சினத எல்லாருக்கும் சமமாப் பிரிக்கணும். அதுக்குத்தான் சங்கம். ஆனா தூங்குறத மட்டுந்தான் நீ ஊருக்கு அனுப்பணும். ஒண்ணு முழிச்சுப் போனாலும் அதிகாரிங்க மொத்தத்தையும் திருப்பி அனுப்பிருவாங்க."

பொழுது சாயும்போது தீ வைத்தார்கள். ஈரத் தளிர் எரியும்போது சீறும் என்று மாயா எதிர்பார்த்தாள். இவை சத்தமே இல்லாமல் எரிந்தன.

ராயபுரம் அலுவலகத்துக்குத் திரும்பி அவளே சொக்கம்மாளுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் எல்லா வேர்ச்செடியிலும் தண்ணீர் வடிவது நின்றுவிட்டது என்றார். தீ வைத்த நேரம் அது. அதை மாயா அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"ஆனா ஓரத்துல ஒரே ஒரு செடி மட்டும் இன்னும் விட்டுக்கிட்டே இருக்கு தாயி. எல்லாத்தையும் எரிச்சிட்டீங்களா?"

தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்றாள் மாயா. வீட்டுக்கு வந்ததும் நாட்குறிப்பை எடுத்தாள்.

நாளை: காலையில் யார்டுக்குப் போக வேண்டும். பின்வரிசைப் பெட்டிகளை ஒன்றுவிடாமல் திறந்து, ஒவ்வொரு குச்சியையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.